உளியைக் கொடுத்தோம், கையை விட்டோமா?



பண்டமாரானில் எங்கள் வீட்டு வரிசையில், நான்கு வீடு தள்ளிப் போன மாதம் ஒரு கல்யாணம். பெண்ணின் தகப்பனார் நல்ல மனிதர், உழைப்பாளி. வேலைகளை ஒரு வாரத்துக்கு முன்பே பிரித்துக் கொடுத்துவிட்டார். வாழைமரம் கட்டுவது தம்பியின் பொறுப்பு. வேன் ஏற்பாடு அக்காள் மகன் பொறுப்பு. பந்தி பரிமாறுவது கோயில் இளைஞர்கள் பொறுப்பு. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரிலும் ஒட்டியாயிற்று. பார்த்தவர்கள் எல்லாம் 'ஆகா, என்ன ஒழுங்கு!' என்று மெச்சினார்கள்.

ஆனால் நடந்தது என்ன தெரியுமா? முதல் நாள் மாலை, தம்பி கட்டிய வாழைமரத்தை அவிழ்த்துத் தாமே மறுபடியும் கட்டினார். வேன்காரருக்கு அக்காள் மகன் ஏற்கெனவே போன் செய்திருந்தான். இவரும் தம் பங்குக்கு ஒருமுறை போன் செய்தார். இரண்டு பேர் இரண்டு நேரம் சொன்னதில் வேன் இரண்டு நேரத்துக்கும் வரவில்லை! பந்தியில் சாம்பார் வாளியை ஓர் இளைஞன் கையிலிருந்து வாங்கித் தாமே ஊற்றினார். தாலி கட்டும் வேளையில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பெற்ற மகளை வாய்விட்டு வாழ்த்தக்கூடக் குரல் எழும்பவில்லை.

வாசலில் அந்த அக்காள் மகன் கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

"என்ன தம்பி, சும்மா உட்கார்ந்திருக்கே?" என்று கேட்டேன்.

"மாமாவே எல்லாத்தையும் பாத்துக்குவாருங்க ஐயா," என்றான்.

சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த மாமா வேறு யாருமல்ல, ஒரு காலத்தில் நானே அந்த மாமாவாக இருந்தவன்!

நமக்கு எதற்கு இந்தப் பேச்சு?

'வேலையை ஒப்படைப்பது பற்றியா? அது துரைமார்களுக்கும் கம்பெனி மேலாளர்களுக்கும் அல்லவா?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பத்துப் பேருக்கு நிரை பிரித்துக் கொடுக்கும் மண்டோர் ஒரு மேலாளர்தான். தொழிற்சாலையில் ஒரு வரிசைப் பெண்களுக்குப் பொறுப்பாயிருக்கும் நம் வீட்டுப் பெண்ணும் மேலாளர்தான். கோயில் திருவிழாச் செயலாளர், குத்தகைக்கு ஆள் வைத்துச் செம்பனைக் குலை வெட்டுபவர், சாப்பாட்டுக் கடை நடத்தும் அக்காள், ஏன், காலையில் வேலைக்குப் போகும்முன் மூத்த பெண்ணிடம் சின்னவனை ஒப்படைத்துவிட்டுப் போகும் தாய்... இவர்கள் எல்லாருமே மேலாளர்கள்தான்.

பிறரிடம் வேலை கொடுக்காத மனிதர் நம்மில் யாருமில்லை. ஆனால், 'நான் எப்படிக் கொடுக்கிறேன்?' என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர்?

என் கதையைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலையில் சரக்கு அடுக்கும் பகுதிக்கு என்னைப் பொறுப்பாக வைத்தார்கள். தோட்டத்திலிருந்து புதிதாக வந்த ஓர் இளைஞனை எனக்குக் கீழே போட்டார்கள். கணக்கில் கெட்டிக்காரப் பையன். பெட்டிகளை எண்ணிப் பட்டியல் எழுதும் வேலையை அவனிடம் கொடுத்தேன். கொடுத்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! தினமும் மாலை அவன் எண்ணி முடித்ததும், அவன் முன்னாலேயே முதல் பெட்டியிலிருந்து நான் மறுபடியும் எண்ணுவேன். மூன்று மாதத்தில் அவன் கணக்கில் நான் கண்டுபிடித்த பிழை இரண்டே இரண்டு. ஒரு நாள் அவன் வேலையை விட்டு நின்றான்.

"ஏன் தம்பி?" என்றேன்.

"அண்ணே, நான் எண்ணினதை நீங்க மறுபடியும் எண்ணுறீங்க. அப்புறம் நான் எதுக்கு?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பின்னர் மண்டோர் ஆனவர். அவர் சொன்ன பதில்தான் இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்தது.

கையைப் பார்க்காதே, மரத்தைப் பார்!

"தம்பி, பெரட்டு முடிஞ்சு ஆளாளுக்கு நிரையைப் பிரிச்சுக் கொடுத்துட்டா, மண்டோர் ஒவ்வொருத்தர் பின்னாலயும் நிக்க முடியுமா?" என்று கேட்டார் அப்பா.

முடியாது அல்லவா? ஒருவருடைய நிரையில் நூற்றுக்கணக்கான மரங்கள். பொழுது விடிந்து வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறைந்துவிடும் என்பதால், இருட்டு விலகும் முன்பே வெட்டத் தொடங்க வேண்டும். அந்த இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், உளி எவ்வளவு ஆழம் போகிறது என்பது வெட்டுகிறவருடைய விரல்களுக்குத்தான் தெரியும். மேலோட்டமாக வெட்டினால் பால் குறைவு. கொஞ்சம் ஆழமாகப் போனாலோ, பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் காயப்பட்டுவிடும். அங்கே புதுப்பட்டை முடிச்சும் மேடுமாக வளரும். பிற்பாடு அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. ஒரு மயிரிழைதான் வித்தியாசம்! அவ்வளவு நுட்பமான காரியம் முழுவதும் ஒரு தொழிலாளியின் கையில் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

அப்படியானால் மண்டோர் என்னதான் செய்தார்? முதலில் புதிய ஆளைக் கழிவு மரத்தில் வெட்டிப் பழகவிட்டார். கை பழகிய பிறகு நிரையைக் கொடுத்தார். அப்புறம் அவர் போய்ப் பார்த்தது ஆளின் கையை அல்ல, மரத்தை! வெட்டுக்கோட்டின் சாய்வு சரியா, காயம் பட்டிருக்கிறதா, ஒரு மாதத்தில் எவ்வளவு பட்டை செலவாகியிருக்கிறது என்று பார்த்தார். காயம் கண்டால் ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார். நல்ல மண்டோராக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினார். மோசமான மண்டோராக இருந்தால் மறுநாள் பெரட்டில் எல்லார் முன்னாலும் கத்தினார்.

"நீ உளியைக் கொடுத்தே, கையை விடல. அதான் பையன் போயிட்டான்," என்று முடித்தார் அப்பா.

நீங்கள் எந்த வகை?

அன்று முதல் என்னையும் பிறரையும் கவனித்துவருகிறேன். வேலை கொடுப்பவர்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் வகையினர் உளியையே கொடுக்காதவர்கள். 'அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற நேரத்தில் நானே செய்துவிடுவேன்' என்பது இவர்களின் வேதவாக்கு. இன்றைக்கு அது உண்மைதான். ஆனால் நாளைக்கும், அடுத்த ஆண்டும், இடுப்பு பிடித்துப் படுக்கையில் விழும் நாளிலும் இவர்களே செய்தாக வேண்டும். நம் தாய்மார்களில் பலர் இந்த வகை. அவர்கள் ஒரு வாரம் மருத்துவமனையில் படுத்தால், அரிசி எந்த டின்னில் இருக்கிறது, மின்கட்டணம் எந்தத் தேதியில் கட்ட வேண்டும் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாம் வகையினர் உளியைக் கொடுத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள். கல்யாண வீட்டுத் தகப்பனாரும் நானும் இந்தக் கட்சி. உழைப்பு அவனுடையது, முடிவு எல்லாம் நம்முடையது.

மூன்றாம் வகையினர் பெரட்டு கூப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறவர்கள். 'நீ பார்த்துக்கொள்' என்று ஒரு சொல், அவ்வளவுதான். என்ன வேண்டும், எப்போது வேண்டும், பணம் எங்கே, தடங்கல் வந்தால் யாரைக் கேட்பது, எதுவும் சொல்வதில்லை. காரியம் கெட்டபின் முதல் ஆளாக வந்து, 'உன்னை நம்பினேனே!' என்பார்கள்.

நான்காம் வகையினர் மரத்தைப் பார்ப்பவர்கள். பழக்கிக் கொடுத்து, கையை விட்டு, குறித்த நாளில் விளைவைப் பார்ப்பவர்கள்.

ஒரே மனிதர் எல்லா இடத்திலும் ஒரே வகையாக இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். வேலையிடத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நான், வீட்டில் பெரட்டோடு போய்விடுகிறவன்! பிள்ளைகளின் பள்ளிக்கூட விஷயம் முழுவதையும் மனைவியிடம் தள்ளிவிட்டு, தேர்வு முடிவு வந்த அன்று மட்டும் கணக்குக் கேட்டவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கிள்ளான் மண் சொல்லும் பாடம்

இந்த மூன்றாம் வகைதான் பெரிய ஆபத்து. மேலே இருப்பவர் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனால் என்ன ஆகும்? அதைத் தெரிந்துகொள்ள நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. நாம் வாழும் இந்தக் கிள்ளான் வட்டாரத்தின் வரலாறே சொல்லும்.

நம் முன்னோர்களைக் கொண்டுவந்த கங்காணி முறையே ஓர் ஒப்படைப்புத்தான். ஊருக்குப் போய் ஆள் திரட்டும் வேலையையும், திரட்டிய ஆட்களைத் தோட்டத்தில் மேய்க்கும் வேலையையும் நிர்வாகம் கங்காணியிடம் விட்டது. ஆள் கணக்குக்கு அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்கள் என்று கேட்டார்கள். அவர்களை எப்படி நடத்துகிறாய் என்று கேட்டவர்கள் குறைவு. நல்ல கங்காணி அமைந்த இடத்தில் அவர் ஊர்ப்பெரியவர்போல் இருந்தார், கெட்டவர் அமைந்த இடத்தில் கேட்பாரில்லை. 1938இல் இந்திய அரசு இந்த வகை ஆள்சேர்ப்பை நிறுத்தியது. ஆனால், தோட்டங்களில் அந்த மேய்க்கும் பழக்கம் நிற்கவில்லை.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதில் முன்னின்றார். தொழிலாளர்கள் கேட்டது என்ன? கூலி உயர்வு மட்டுமா? சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலியைக் கேட்டார்கள், பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டார்கள், கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். அவற்றோடு, தொழிலாளர்களைக் கொடுமைப்படுத்தும் ஊழியர்களை நீக்க வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும் என்றும் கேட்டார்கள். இன்னொரு கோரிக்கையைக் கேளுங்கள்: துரைகளின் முன்னாலும் தோட்ட ஊழியர்களின் முன்னாலும் சைக்கிளைவிட்டு இறங்காமல் ஓட்டிச் செல்ல உரிமை வேண்டும்!

சைக்கிளில் போகும் ஒரு மனிதன், எதிரே அதிகாரி வந்தால் இறங்கி நிற்க வேண்டும். துரைக்கு மட்டுமல்ல, துரையின் கீழிருந்த ஊழியருக்கும் அந்த மரியாதை வேண்டியிருந்தது. வேலையை மேற்பார்வையிடக் கொடுத்த அதிகாரம், மனிதனைக் குனியவைக்கும் அதிகாரமாக வளர்ந்துவிட்டது. அதைத் தடுத்துக் கேட்க மேலே ஆள் இல்லை. அதே ஆண்டு மே மாதம் நாதன் கைதானார், பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படைகள் வரவழைக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐவர் உயிரிழந்தனர்.

அந்த வேலைநிறுத்தத்துக்குக் காரணங்கள் பல. ஆனாலும், வேலை கொடுக்கும் இடத்தில் இருக்கும் நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு. நாம் ஒருவரிடம் அதிகாரத்தைக் கொடுக்கும்போது, அந்த அதிகாரத்தின் கீழே வேறு மனிதர்களும் இருக்கிறார்கள். வேலை முடிந்ததா என்று கேட்பது மட்டும் போதாது. கீழே இருப்பவர்கள் நம்மிடம் வந்து பேச ஒரு வழி திறந்திருக்கிறதா? இதையும் கேட்டாக வேண்டும். நம் தாத்தா எந்தச் சைக்கிளைவிட்டு இறங்கினாரோ, அந்தச் சைக்கிளைவிட்டு இன்னொருவரை இறக்க நாம் காரணமாக இருக்கலாமா? இன்று வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தம்பிமார்களுக்கு மேலாக நம்மவர் பலர் பொறுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கேள்வியை ஒரு கணம் நெஞ்சில் நிறுத்திப் பார்க்கட்டும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நம்மிடமே உண்டு. சுதந்திரத்துக்குப் பின் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்த பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. இங்கே ஒப்படைத்தவர் தொழிலாளி! தம் சேமிப்பை நிர்வாகக் குழுவிடம் ஒப்படைத்தார். ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்தில் கணக்குக் கேட்கும் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். நம்பிக் கொடுப்பதும் கணக்குக் கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒப்படைப்பதா, தள்ளிவிடுவதா?

இனி, வீட்டுக்குள் வருவோம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். அம்மா விடியும்முன் மரம் வெட்டப் போய்விடுவார். மூத்த பெண் சின்னவனைக் குளிப்பாட்டி ஆயாக் கொட்டகையில் விட்டு, சோறு வடித்து, பிறகுதான் பள்ளிக்கு ஓடுவாள். சில நாள் போகவே மாட்டாள். அப்படியே நின்றுபோன அக்காள்கள் எத்தனை பேர்! இல்லாமை நம் தாய்மார்களை அப்படிச் செய்யவைத்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாவில்லை.

ஆனால் இன்றும் சில வீடுகளில் மூத்த பெண்ணின் தலையில் எல்லாம் விழுகிறதே, அது ஏன்? தம்பிக்கு எந்தப் பொறுப்பும் இல்லையே, அது ஏன்? அவளிடம் சமையல் முழுவதும் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு என்ன சமைப்பது என்று முடிவு செய்யும் உரிமை அவளுக்கு உண்டா? வேலை மட்டும் கைமாறி, உரிமையும் உதவியும் நன்றியும் கைமாறாவிட்டால், அதற்குப் பெயர் ஒப்படைப்பு அல்ல, தள்ளிவிடுதல்.

வள்ளுவர் இந்தப் பொருளுக்கென்றே 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்று 51, 52ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இதுதான்: ஆராயாமல் ஒருவரை நம்புவதும் துன்பம், ஆராய்ந்து நம்பியபின் அவரைச் சந்தேகிப்பதும் துன்பம். இந்தக் காரியத்தை இன்ன வழியில் இவர் முடிப்பார் என்று தேர்ந்த பிறகு, அதை அவரிடமே விட்டுவிட வேண்டும். மூன்றாம் வகையினருக்கு முதல் பாதி, என்னைப் போன்ற இரண்டாம் வகையினருக்குப் பின்பாதி!

இந்த வாரம் செய்து பாருங்கள்

பெரிய காரியம் வேண்டாம். இன்றிரவு ஒரு தாளை எடுத்து, கடந்த ஏழு நாளில் யார் யாருக்கு என்னென்ன வேலை கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உண்மையான பதில் எழுதுங்கள். அதைப் பிறரிடம் காட்ட வேண்டியதில்லை.

எப்போது, எந்த அளவில் முடிய வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேனா?

எதுவரை அவரே முடிவு செய்யலாம், எதற்கு என்னைக் கேட்க வேண்டும் என்று எல்லை காட்டினேனா?

அதற்கு வேண்டிய பணம், சாமான், நேரம் கொடுத்தேனா?

இடையில் எத்தனை முறை தலையிட்டேன்? அவர் கேட்டா, கேட்காமலா?

முடிந்தபின் என்ன சொன்னேன்? பிழையை யார் முன்னால் சொன்னேன்? நன்றியை யார் முன்னால் சொன்னேன்?

பதில்களைப் படித்தால் நீங்கள் எந்த வகை என்று உங்களுக்கே விளங்கிவிடும். பிறகு, ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் மனம் விட்டுக்கொடுக்கத் தயங்கும் வேலையாகவே இருக்கட்டும். தக்க ஒருவரைக் கூப்பிட்டு, ஒருமுறை செய்து காட்டி, அடுத்த முறை அவரைச் செய்யச்சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். மூன்றாம் முறை தள்ளி நில்லுங்கள். 'வெள்ளிக்கிழமை மாலை நாம் உட்கார்ந்து பார்ப்போம்' என்று நாள் குறித்துவிட்டு, அதுவரை வாயைக் கட்டுங்கள். அவர் உங்களைப் போலவே செய்யாமல் வேறு மாதிரி செய்யலாம். மரத்தில் காயமில்லை, மங்கில் பால் நிறைந்திருக்கிறது என்றால், அவர் உளியை எப்படிப் பிடித்தார் என்பது உங்களுக்கு எதற்கு?

பிழை வருமா? வரும். மனிதர் உயிருக்கு ஆபத்தான இடத்தில், புது ஆளைத் தனியே விடாதீர்கள். மற்ற இடங்களில் வரும் சிறு பிழை, ஓர் ஆள் உருவாவதற்கு நாம் கொடுக்கும் கூலி என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

என்னைவிட்டுப் போன அந்த இளைஞனை ஆண்டுகள் கழித்து, கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக் கூட்டத்தில் பார்த்தேன். இப்போது அவனுக்குக் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்களாம். "கணக்கை யாரப்பா எண்ணுறது?" என்று தயங்கிக் கேட்டேன்.

"பசங்கதான் அண்ணே. சனிக்கிழமை நான் ஒரு அடுக்கை மட்டும் எடுத்துப் பார்ப்பேன்," என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கோபமில்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. நான் கற்றுக்கொடுக்கத் தவறியதை அவன் எங்கேயோ, யாரிடமோ கற்றுக்கொண்டான்.

உங்கள் கையில் இப்போது யாருடைய கை இருக்கிறது என்று பாருங்கள், அன்பர்களே. பழகிய கையாக இருந்தால் மெல்ல விடுங்கள்.